காணாமல் போன இரண்டாயிரம் தவிட்டுக் குஞ்சுகள்

அண்ணிக்குக் காலையிலிருந்தே கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பினால் வலி. வலது பக்கம் திரும்பினால் அதைவிட வலி. பன்னிரண்டு வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்த கழுத்து அது. சுமந்த காலத்தில் ஒரு நாள்கூட முனகாமல் இருந்துவிட்டு, சுமை இறங்கி எட்டு வருஷம் ஆன பிறகு இப்போது ஒவ்வொரு செங்கலாக ஞாபகப்படுத்துகிறது.

"அண்ணி, நீங்க நேரா மட்டும் பாருங்க. திரும்பிப் பார்க்க வேண்டியதை நான் பார்த்துச் சொல்றேன்," என்றான் ஸ்கூட்டர் ஓட்டிய கொழுந்தன்.

"நீ ரோட்டைப் பாரு. போதும்."

கொழுந்தனுக்கு நாற்பத்தைந்து வயது. தலையில் முடி இல்லை, வாயில் பூட்டு இல்லை. புருஷனின் தம்பி என்பதால் சம்பளம் கேட்காமல் கூடவே வருகிறான். சம்பளம் கேட்காததால் துரத்தவும் முடியவில்லை.

அண்ணி துப்பறிய வந்த கதை சின்னது. ஒரு கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை காணாமல் போகிறது என்று சித்தாட்களை வரிசையில் நிறுத்தி மிரட்டினார்கள். அண்ணி தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, புதுச் சுவரை நகத்தால் கீறிக் காட்டினாள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மூட்டையை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை; கலவையில் போட வேண்டியதை மேஸ்திரி போடவே இல்லை. அன்றிலிருந்து எது காணாமல் போனாலும் ஆட்கள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் 'அண்ணி' என்றே கூப்பிடுகிறார்கள்.

இன்று கூப்பிட்டவர் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் முதலாளி. பெருத்த உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, பழமொழி இல்லாமல் பேசத் தெரியாத நாக்கு.

"வாங்க அண்ணி. பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒருத்தி திருடி, பிடிச்சுட்டேன்."

"அப்ப மீதிச் சோறும் திருட்டுச் சோறா முதலாளி?" என்றான் கொழுந்தன்.

முதலாளி அவனைக் கண்டுகொள்ளாமல் விஷயத்தைச் சொன்னார். பின்பக்கக் கொட்டகையில் தாய்க்கோழிகளும் சேவல்களும் இருக்கின்றன. அங்கிருந்து முட்டை வருகிறது. இருபத்தொரு நாள் இயந்திரத்தில் சூடு. குஞ்சு வெளியே வந்ததும் பிரிப்பு மேசைக்குப் போகும். இந்த வகைக் கோழியில் ஒரு சௌகரியம்: பொரித்த அன்றைக்கே நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். தவிட்டு நிறம் என்றால் பெட்டை. வெளுத்த மஞ்சள் என்றால் சேவல். அதை இங்கே எல்லோரும் வெள்ளை என்கிறார்கள். பெட்டைக் குஞ்சுக்கு முட்டைப் பண்ணைக்காரர்கள் க்யூவில் நிற்கிறார்கள். சேவல் குஞ்சு கறிக்கு லாரியில் போகிறது, ஏறக்குறைய சும்மா கொடுத்த மாதிரி.

"இன்னைக்குக் காலையில பொரிஞ்சது ரெண்டாயிரம். எல்லாம் வெள்ளை. ஒரு பிரவுன்கூட இல்லை. ரெண்டாயிரம் பிரவுன் குஞ்சு போச்சு அண்ணி! பிரிக்கிறவ எடுத்துட்டு, பதிலுக்கு எங்கேயோ கிடந்த வெள்ளையைக் கொண்டாந்து நிரப்பி வெச்சிருக்கா. எங்கே ஒளிச்சு வெச்சிருக்கான்னு நீங்க சொல்லணும். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் போலீஸ். அதே அஞ்சு மணிக்கு இந்த வெள்ளையை ஏத்திக்கிட்டு லாரியும் போயிடும்."

அண்ணி கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய கரும்பலகை. போன வாரம்: பிரவுன் 1010, வெள்ளை 990. அதற்கு முந்தின வாரம்: பிரவுன் 985, வெள்ளை 1004. பலகை முழுக்க அப்படித்தான், பாதிக்குப் பாதி. கடைசி வரியில் மட்டும் பிரவுன் என்ற இடத்தில் ஒரு முட்டை.

"சைபரைப் பெரிசா போட்டிருக்காங்களே," என்றான் கொழுந்தன். "ஹேச்சரிங்கிறதாலயா?"

*

குற்றவாளியைக் காவலாளி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒல்லியான பெண், முப்பத்தெட்டு வயது இருக்கும். மணிக்கு மூவாயிரம் குஞ்சு பிரிக்கிற கை என்பதால் பொரிப்பகத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். அந்தக் கை இப்போது மடியில் சும்மா கிடந்தது.

"நீங்கதான் அண்ணியா? நல்லாக் கேட்டுக்கங்க. நான் எடுக்கலை. இதையே காலையிலேர்ந்து நாப்பது தடவை சொல்லிட்டேன். நாப்பத்தொண்ணாவது தடவை உங்களுக்கு."

"என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

"பெட்டியைத் திறந்தேன். வெள்ளை. அடுத்த பெட்டி. வெள்ளை. ஏழு வருஷமா வலது கை பிரவுனுக்கு, இடது கை வெள்ளைக்கு. இன்னைக்கு இடது கை மட்டும் வேலை செய்யுது, வலது கை பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கு. நான்தான் போய் முதலாளிகிட்டச் சொன்னேன், என்னமோ தப்பா இருக்குன்னு. சொன்னதுக்குக் கிடைச்ச மரியாதை இது." அவள் குரல் உடையவில்லை, கரகரத்தது. "முப்பத்திரண்டு பேர் நிக்கிறாங்க. என் பையை வாங்கி மேசை மேல கொட்டினாரு. சாப்பாட்டு டப்பா, சீப்பு, என் பொண்ணோட ஒத்தை சாக்ஸ். ஒத்தை சாக்ஸுக்குள்ள ரெண்டாயிரம் குஞ்சை ஒளிக்க முடியுமா அண்ணி?"

"ரெண்டு சாக்ஸா இருந்தாதான் சந்தேகப்படணும்," என்றான் கொழுந்தன்.

மின்னல் முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். "இவர் யாரு?"

"என் கொழுந்தன். காதை மூடிக்கோ, பழகிடும்." அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போலீஸ் வந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? திருடின்னு ஒரு தடவை பேர் விழுந்தா எந்த ஹேச்சரியிலயும் உள்ள விடமாட்டாங்க. எனக்குக் குஞ்சைத் தவிர வேற எதுவும் பிரிக்கத் தெரியாது."

அண்ணிக்கு அது புரிந்தது. தலையில் சும்மாடு வைக்கத் தெரிந்த பெண்ணுக்குச் சும்மாட்டைப் பிடுங்கிக்கொண்டால் மீதி இருப்பது வெறும் தலைதான்.

*

"தம்பி, அஞ்சு குஞ்சை எடுத்துச் சட்டைக்குள்ள போடு," என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"கடத்தணும். வாசல் வழியா நடந்து போ. காவல்காரருக்குத் தெரியாம வெளியே போயிட்டா, ரெண்டாயிரத்தையும் கடத்த முடியும்னு ஒத்துக்கறேன்."

காவலாளிக்கு எழுபது வயது. ஒரு காது கேட்காது. இன்னொரு காது கேட்கிற நாள் கேட்கும். கொழுந்தன் ஐந்து குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியாதவன் போல் ஆகாயத்தைப் பார்த்தபடி நடந்தான். மூன்றாவது எட்டில் ஒரு குஞ்சு அவன் அக்குளைக் கண்டுபிடித்தது. கொழுந்தன் ஒரு சுற்றுச் சுற்றினான். ஐந்தாவது எட்டில் ஐந்தும் சேர்ந்து கத்தின. காவலாளி பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"யாருப்பா அது, வயித்துக்குள்ள செல்போன் அடிக்குது?"

கொழுந்தன் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, எடுங்க, எடுங்க! ஒண்ணு தொப்புள்ல கொத்துது!"

குஞ்சுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே அண்ணி சொன்னாள்: "அஞ்சு குஞ்சே இந்தச் சத்தம். ரெண்டாயிரம் வெளியே போய், வேற ரெண்டாயிரம் உள்ளே வந்தா ஊரே எழுந்து வந்திருக்கும். அதனால எதுவும் வெளியே போகலை."

"போகலைன்னா இங்கதானே இருக்கணும்? இல்லையே!"

"வெளியேயும் போகலை, உள்ளேயும் இல்லைன்னா, அது வரவே இல்லைடா. மேஸ்திரி கலவை மாதிரி. போடாத சிமெண்டை யாரு திருடுவாங்க? பிரவுன் குஞ்சு பொரியவே இல்லை."

"ஏழு வருஷமாப் பொரிஞ்சது இன்னைக்கு ஏன் பொரியலை?"

"அதைக் கேட்கத்தான் ஆள் தேடணும். குஞ்சு எங்கிருந்து நிறத்தை வாங்குதுன்னு தெரிஞ்ச ஆள்."

*

ஆராய்ச்சி நிலையம் அதே சாலையில் இரண்டு மைல் தள்ளி இருந்தது. மரபியல் துறை மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணியும், குஞ்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொழுந்தனும் படியேறினார்கள். தாழ்வாரம் முழுக்கக் கதவுகள். கதவுக்குக் கதவு ஒரு பலகை.

"ஒரே துறைக்கு எதுக்கு இத்தனை கதவு?"

"கூட்டுக் குடும்பம் போல. தனித்தனி அடுப்பு," என்றாள் அண்ணி.

முதல் கதவு 'மூலக்கூறு மரபியல்'. உள்ளே கையுறை போட்ட இளைஞர் ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வெள்ளையா இருக்கக் காரணமா? சிம்பிள். ரத்தம் ஒரு சொட்டு எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரிச்சு, எழுத்தெழுத்தாப் படிக்கணும். அதுலதான் உடம்பு கட்டுறதுக்கான குறிப்பு எல்லாம் எழுதியிருக்கு. மூணு வாரம் ஆகும்."

"மூணு மணி நேரத்துல அந்தம்மாவைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும் சார்."

"அப்ப அவசரம்னு மேல எழுதித் தாங்க. ரெண்டே முக்கால் வாரத்துல முடிச்சுடலாம்."

இரண்டாவது கதவு 'இனத்தொகை மரபியல்'. அங்கிருந்த அம்மாள் குஞ்சுகளை அலட்சியமாகப் பார்த்தார். "ஒத்தைக் கோழி, ரெட்டைக் கோழி பத்தியெல்லாம் நாங்க பேசறதில்லை. ஒரு கூட்டத்துல எந்தக் குணம் கூடுது, எது குறையுது, அதுதான் எங்க வேலை. ஒரு பத்தாயிரத்தைக் கூட்டிட்டு வாங்க."

"ஸ்கூட்டர்லயா?" என்றான் கொழுந்தன்.

மூன்றாவது கதவு 'அளவுசார் மரபியல்'. அங்கே ஒருவர் கேட்காமலேயே குஞ்சைத் தராசில் வைத்தார். "முப்பத்தெட்டு கிராம். அருமை! எடை, உயரம், முட்டை எண்ணிக்கை இதெல்லாம் பாருங்க, ஒரு மரபணு செய்யிற வேலை இல்லை. நூத்துக்கணக்குல சேர்ந்து செய்யிறது. தீனியும் சேரணும்." நிறத்தைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "நிறமா? வெள்ளை இல்லேன்னா பிரவுன். நடுவுல ஒண்ணும் இல்லை. அதுல அளக்கறதுக்கு என்ன இருக்கு?"

நான்காவது கதவு 'செல் மரபியல்'. ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எழுபத்தஞ்சு... எழுபத்தாறு..."

"சார், ஒரு சந்தேகம்."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர். "கோழிக்குக் குரோமோசோம் எழுபத்தெட்டு. ரெண்டே ரெண்டு பாக்கி இருந்துச்சு." பிறகு குனிந்தார். "ஒண்ணு... ரெண்டு..."

சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்கள்.

தாழ்வாரத்தின் கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்துக் கதவு. பலகையில் 'செவ்வியல் மரபியல்' என்பதில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. உள்ளே கனிந்து அழுகிய பழ வாசனை. அலமாரி முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள், புட்டிக்குள் சின்னச் சின்ன ஈக்கள். நடுவில் பனியன் மேல் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், ஈக்களைச் சிவப்புக் கண் ஒரு பக்கம், வெள்ளைக் கண் ஒரு பக்கம் என்று தூரிகையால் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த மாடியில் அவருக்குப் பெயரே ஈ டாக்டர்.

அண்ணி முழுக் கதையையும் சொன்னாள். அவர் குஞ்சைத் தொடவில்லை, எடை போடவில்லை, ரத்தமும் கேட்கவில்லை. ஒரே கேள்வி கேட்டார்.

"அப்பன் என்ன நிறம்?"

"எந்த அப்பன்?"

"இதோட அப்பன்."

"அய்யோ, அண்ணி!" என்றான் கொழுந்தன். "காலையிலேர்ந்து எல்லாரையும் விசாரிச்சோம், சேவலை விசாரிக்கலையே!"

ஈ டாக்டர் ஒரு தாளைச் சின்னச் சீட்டுகளாகக் கிழித்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்கில் காத்திருந்த ஆள் போல் அவர் கை வேகமாக ஓடியது.

"கவனிங்க. ஒவ்வொரு குஞ்சும் அப்பன்கிட்டயும் அம்மாகிட்டயும் சீட்டு வாங்கிட்டுத்தான் பிறக்குது. இந்த நிறத்துக்கு ஒரு சீட்டு இருக்கு. பையன் குஞ்சுக்கு அப்பன் ஒரு நிறச்சீட்டு தருவான், அம்மா ஒரு நிறச்சீட்டு தருவா. மொத்தம் ரெண்டு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பிரவுன்னா வெள்ளைதான் ஜெயிக்கும்; பிரவுன் அடியில மறைஞ்சு கிடக்கும்."

"வெள்ளையடிச்ச செங்கல் சுவர் மாதிரி," என்றாள் அண்ணி. "உள்ளே செங்கல் இருக்கும், வெளியே தெரியாது."

ஈ டாக்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதை என் மாணவர்களுக்குப் புரிய வைக்க ஒரு மாசம் ஆகுது. நீங்க எங்கே படிச்சீங்க?"

"சாரத்துல. பொண்ணுக் குஞ்சுக்கு?"

"அதுலதான் வேடிக்கை. மகளுக்கு அம்மா தர்ற சீட்டுல 'நீ பெட்டை'ன்னு மட்டும்தான் எழுதியிருக்கும். இந்த நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. நிறச்சீட்டு அப்பன் கையிலேர்ந்து வர்ற ஒண்ணே ஒண்ணுதான். அப்பன் பிரவுன்னா மகள் பிரவுன். அப்பன் வெள்ளைன்னா மகள் வெள்ளை. அம்மா எந்த நிறமா இருந்தாலும் அவ பேச்சு எடுபடாது."

"அதான் அந்த ஹேச்சரியில பிரவுன் எல்லாம் பெட்டை. அப்பன் பிரவுன், அம்மா வெள்ளை. மகளுக்கு அப்பன் நிறம், மகனுக்கு வெள்ளையடிச்ச நிறம்." அண்ணி பெட்டியைப் பார்த்தாள். "இன்னைக்கு எல்லாமே வெள்ளைன்னா..."

"யாரோ அப்பனை மாத்திட்டாங்க. அப்பன் வெள்ளை."

"அப்ப இந்த வெள்ளைக் கூட்டத்துல பெட்டை?"

"பாதி இருக்கும். எங்கேயும் போகலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரிசையில நிக்குது."

கொழுந்தன் தன் தலையைத் தடவினான். "சார், என் சொட்டையும் அப்பன் சீட்டா?"

"அது ஒருத்தர் வேலை இல்லை. ரெண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து செஞ்ச சதி."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். இரண்டாயிரம் வெள்ளையும் சேவல் என்ற கணக்கில் லாரி ஏறப் போகின்றன. அதில் ஆயிரம் பெட்டை. அண்ணி கழுத்தை மறந்து படியிறங்கினாள். இரண்டாவது மாடியில் கழுத்து தானே ஞாபகப்படுத்தியது.

*

பொரிப்பகத்தின் பின்பக்கக் கொட்டகையை அதுவரை அவர்கள் பார்க்கவில்லை. கதவைத் தள்ளியதும் அண்ணி நின்றாள். தாய்க்கோழிகள் எல்லாம் தவிட்டு நிறம். நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாவிய சேவல்கள் அத்தனையும் பால் வெள்ளை. அப்படியே தலைகீழ்.

"அப்பாவிக் குடும்பத்துல குழப்பம் பண்ணின அப்பன்மாரு இவங்கதானா," என்றான் கொழுந்தன். ஒரு சேவல் அவனை நோக்கி வந்தது. அவன் அண்ணிக்குப் பின்னால் போனான்.

தீனி போடும் கொட்டகைக்காரர் வாளியோடு உறைந்து நின்றார்.

"அண்ணே, இங்கே முன்னாடி பிரவுன் சேவல் இருந்துச்சு இல்லையா?"

"இருந்துச்சு."

"இப்ப எங்கே?"

"குழம்பாயிடுச்சு." அவர் எச்சில் விழுங்கினார். "ஒரு மாசமாச்சு. நல்லா வளர்ந்த சேவல். வேகத்தான் நேரமாச்சு."

"யார் மாத்தச் சொன்னது?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும்மா."

"சொல்லலைன்னா இன்னொருத்தி வேலை போகும்."

அவர் வாளியைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அண்ணி அவரை விட்டுவிட்டாள். ஏழையின் வாயைப் பிடுங்கி வழக்கு முடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. தவிர, இப்போது அவளுக்கு அந்த வாய் தேவைப்படவில்லை. காலையில் கேட்ட ஒரு எண், அப்போதே எங்கேயோ உறுத்திய எண், இப்போது வந்து சரியான இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

*

முன்வாசலில் லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது, பெட்டிக்கு நூறு குஞ்சு. வேலையாட்கள் முப்பத்திரண்டு பேரும் போலீஸ் வரும் வேடிக்கையைப் பார்க்க மரத்தடியில் கூடியிருந்தார்கள். மின்னலையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முதலாளி கையில் போன்.

"கண்டுபிடிச்சீங்களா அண்ணி?"

"ஆச்சு முதலாளி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கணும். எத்தனை பிரவுன் காணோம்?"

"அதான் காலையிலயே சொன்னேனே. ரெண்டாயிரம்!"

"பலகையில ஒரு வாரம்கூட ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல பிரவுன் இல்லை. பாதிக்குப் பாதிதான் எப்பவும். திருடு போனாலும் ஆயிரம்தானே போயிருக்கணும்? இந்த வாரம் மட்டும் மொத்தமும் பிரவுனா வரும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

முதலாளியின் போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் நின்றது.

"அது வந்து... ஒரு குத்துமதிப்பா..."

"கொட்டகையில சேவலை மாத்தினது யாரு?"

முதலாளி ஆட்களைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பிறகு, தன் மூளையை யாராவது பாராட்டியே ஆக வேண்டும் என்ற ஆசை அவருடைய எச்சரிக்கையை ஜெயித்துவிட்டது.

"ஆமா, நான்தான் மாத்தினேன்! லீவு நாளாப் பார்த்து, யாருக்கும் தெரியாம. போட்டி ஹேச்சரிக்காரன் காதுல விழுந்தா அவனும் செஞ்சுடுவான்ல? யோசிச்சுப் பாருங்க அண்ணி. பிரவுனா பொரிஞ்சா பெட்டை. அப்ப எல்லாமே பிரவுனா பொரிஞ்சா?"

பதிலையும் அவரே சொன்னார்.

"எல்லாமே பெட்டை! கறிக்குப் போற நஷ்டமே கிடையாது. பிரவுனா பொரியணும்னா என்ன செய்யணும்? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பிரவுன் தாயாக் கொண்டாந்து இறக்கினேன். அப்பன் எந்த நிறமா இருந்தா என்ன, வெள்ளைச் சேவல் சல்லிசாக் கிடைச்சுது. ரெண்டாயிரமும் பிரவுனா வந்தே ஆகணும். வரலைன்னா? திருட்டுதானே!"

கொழுந்தன் கையை உயர்த்தினான். "முதலாளி, எனக்கு ஒரு சந்தேகம். லேடீஸ் பஸ்ல ஏறினா நான் பொம்பளை ஆயிடுவேனா?"

மரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமல் போல மாற்றிக்கொண்டார்கள். கொட்டகைக்காரர் வாளியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"முதலாளி," என்றாள் அண்ணி, "பழமொழி எழுதினவரு கோழிப்பண்ணை வெச்சுப் பிழைக்கலை. கோழியில பெட்டைக்கு இந்த நிறம் அப்பன்கிட்டேர்ந்துதான். நீங்க வெள்ளை அப்பனைக் கொண்டாந்தீங்க, வெள்ளை மக பொறந்துட்டா. யாரும் திருடலை. உங்க பெட்டைக் குஞ்சு ஆயிரமும் அதோ..."

அவள் கை காட்டிய இடத்தில் லாரி இல்லை. பெட்டி ஏற்றி முடித்ததும், பேச்சு முடிகிற வழியாகத் தெரியவில்லை என்று டிரைவர் கிளம்பிவிட்டார். தெரு முனையில் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து இரண்டாயிரம் குரல் கேட்டது.

"ஆயிரம் பெட்டை!" என்று முதலாளி அலறினார். "நிறுத்துடா!"

அவ்வளவு பெருத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. முதல் திருப்பத்தில் ஒரு செருப்பு போயிற்று. இரண்டாவது திருப்பத்துக்குள் சட்டையில் கஞ்சி போயிற்று. கொழுந்தன் ஸ்கூட்டரில் அவரைத் தாண்டிப் போகும்போது "ஏறிக்கங்க முதலாளி" என்றான், அவர் ஏறினார், ஸ்கூட்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. ஒரு சக்கரத்தில் போய் லாரியை மறித்ததாகக் கொழுந்தன் பிறகு ஊரெல்லாம் சொன்னான். உண்மையில் லாரி சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

*

இருபது பெட்டியும் திரும்பப் பிரிப்பு மேசைக்கு வந்தன. எல்லாம் ஒரே நிறம். முதலாளி ஒரு குஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"இதுல எது பெட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வாசலில் நின்ற மின்னல் சொன்னாள்: "பழைய முறை இருக்கு. நிறத்தைப் பார்க்கிற கோழி வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் பிரிப்போம். வாலடியை விரலால லேசாப் பிதுக்கி, விளக்கு வெளிச்சத்துல பார்க்கணும். கடுகு மாதிரி ஒரு புள்ளி இருந்தா சேவல். பழகின கண்ணுக்குத்தான் தெரியும். அதுவும் பொரிஞ்ச அன்னைக்கே பார்க்கணும். நாளைக்கு ஆனா உருவம் மாறிடும், அந்தக் கண்ணுக்கே தப்பும்."

"இங்கே யாருக்கு அது தெரியும்?"

"எனக்கு."

"இதைக் காலையிலயே சொல்லக் கூடாதா?"

"பையைக் கொட்டுறீங்க, கையைப் பிடிச்சு வெளியே தள்ளுறீங்க, குஞ்சைத் தொட விட்டீங்களா? எனக்கும் புத்தி போகலை. ஏழு வருஷமா பிரவுன் இல்லைன்னா பெட்டை இல்லைன்னு கை பழகிடுச்சு. நானே நம்பிட்டேன்." அவள் மேசைக்கு வரவில்லை. "பிரிக்கிறேன். முதல்ல நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. முப்பத்திரண்டு பேரும் இங்கேதான் இருக்காங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்து போச்சு."

"அது இல்லை."

"சூழ்நிலை அப்படி ஆயிடுச்சும்மா. யானைக்கும் அடி சறுக்கும்."

"யானையை விடுங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"சம்பளத்துல ஏதாவது கூட்டலாம்... டீ கொண்டாரச் சொல்லவா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். சில இடங்களில் சிரிப்பு காட்டினால் எதிராளி தப்பித்துக்கொள்வான்.

மின்னல் மேசையைப் பார்த்தாள். முதல் பெட்டியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அவள் பிரிக்காமல் கிளம்பிப் போனால் போதும், ஆயிரம் பெட்டையும் சேவல் கணக்கில் கறிக்குப் போகும். அதை அவளும் அறிவாள், அவரும் அறிவார். அவள் போய்க் குழாயில் கை கழுவினாள். விளக்கைத் தாழ்த்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"குஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

முதல் குஞ்சு கைக்குள் புரண்டது. கண் மூடித் திறப்பதற்குள் அது வலது பக்கம் போயிற்று. அடுத்தது இடம். அடுத்ததும் இடம். அடுத்தது வலம். காலையிலிருந்து சும்மா கிடந்த வலது கைக்கு வேலை வந்துவிட்டது. மரத்தடி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டி தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி எதிரில் நின்று, நூறுக்கு ஒரு தடவை ஏதாவது சொன்னார். கை வேகம் குறையவே இல்லையே என்றார். காற்று வருகிறதா, ஃபேன் போடவா என்றார். பெண் எத்தனாம் வகுப்பு படிக்கிறாள் என்றார். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அகராதியில் உள்ள எல்லாம் அவர் வாயில் வந்தது.

"என்ன அண்ணி," என்றார் கடைசியில், அவளிடமாவது ஆறுதல் கிடைக்குமா என்று பார்த்து, "கேஸ் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமா?"

"குஞ்சு கேஸ் முடிஞ்சுது முதலாளி."

"வேற என்ன இருக்கு?"

அண்ணி கழுத்து வலிக்க வலிக்கத் தலையைத் திருப்பி, மேசையைப் பார்த்தாள்.

ஏழரை மணிக்குக் கடைசிப் பெட்டி காலியாயிற்று. பெட்டை ஆயிரத்துப் பதினொன்று, சேவல் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. யாரோ பலகையில் எழுதினார்கள். மின்னல் கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். முப்பத்திரண்டு பேரும் விலகி வழி விட்டார்கள். அவள் வாசலைத் தாண்டும் வரை முதலாளி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அவளிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று, அந்த முப்பத்திரண்டு பேர் முன்னால், இன்னும் பாக்கி.